வீட்டு மூலையில் ஒரு சர்வர்

சர்வர் என்றதும் கணினி நினைவுக்கு வருகிறவர்கள் ஒரு ரகம். ஓட்டலில் சாம்பார் வாளியோடு நிற்பவர் நினைவுக்கு வருகிறவர்கள் இன்னொரு ரகம். இந்தக் கட்டுரையைப் படிக்க இரண்டாவது ரகத்தாருக்குத்தான் வசதி அதிகம், ஏனென்றால் கணினி உலகத்துச் சர்வர் செய்வதும் அதே வேலைதான். ஒரு மூலையில் நிற்கும். யாராவது கூப்பிட்டு ஏதாவது கேட்டால் உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கும். மறுபடி போய் நின்றுகொள்ளும். இதற்குக் குளிரூட்டிய கூடமோ விளக்கு மினுக்கும் கறுப்பு அலமாரிகளோ கட்டாயமில்லை. கேட்டால் கொடுப்பதற்காகக் காத்திருக்கும் ஒரு நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறதோ, அது சர்வர். பரணில் கிடக்கும் பத்து வருடப் பழைய லேப்டாப்பாகவும் இருக்கலாம்.

எங்கள் மதுரை வீட்டில் அப்படி ஒன்று ஓடுகிறது. திரை உடைந்த லேப்டாப், டிவி மேசைக்குக் கீழே. குடும்பப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், அப்பா சேர்த்துவைத்த பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நான்கு ஊர்களில் இருக்கும் ஐந்து பேர் வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் ஏன், பெரிய நிறுவனங்கள் சும்மாவே தருகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது, தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்றார்கள். 2021 ஜூன் 1-ம் தேதியோடு அந்தச் சலுகை நின்றது. அதிலிருந்து படம், மின்னஞ்சல், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. நிறைந்துவிட்டால் புது மின்னஞ்சலும் வராது. அவர்கள் இடம், அவர்கள் விதி. வாடகை ஏறுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. 2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடம்பு சரியில்லாத தன் சின்ன மகனை மருத்துவருக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்தார். அது தானாகவே அவருடைய கூகுள் கணக்கில் ஏறியது. நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைக்கு எதிரான குற்றப் படம் என்று குறித்துக் கணக்கை முடக்கியது. போலீஸ் விசாரித்து, குற்றம் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. பல வருட அஞ்சல், படங்கள், தொடர்பு எண்கள், அதே நிறுவனத்தின் ஃபோன் இணைப்பு, எல்லாம் ஒரே நாளில் போயின. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. அந்தச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தவறு நேர்ந்தால் போய்க் கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லை என்பதுதான் என் கவலை.

சரி, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாயிற்று. முதலில் முட்டிக்கொள்ளும் இடம் கணினி அல்ல, விலாசம்.

எந்த வீட்டு எண்?

உங்கள் ஃபோனில் வைஃபை விவரங்களைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் தொடங்கும், எதிர் வீட்டிலும்தான். காரணம், அது தெருவுக்குத் தெரிகிற விலாசம் இல்லை. 'ஹால், சமையலறை, மாடி அறை' என்பது போல வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர். வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டருக்குக் கொடுக்கப்பட்ட ஒரே ஒரு முகவரி. ஐந்து ஃபோன், ஒரு டிவி, இரண்டு லேப்டாப் எல்லாம் அந்த ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன.

ரவுட்டரை அடுக்குமாடிக் கட்டடத்து வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆர்டர் செய்த பார்சல் வந்தால், யார் ஆர்டர் செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். சரியான பிளாட்டுக்கு அனுப்பிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து "உள்ளே ஒரு லேப்டாப்பைப் பார்க்கணும்" என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். வலைப்பக்கம் பார்ப்பது நாம் ஆர்டர் செய்த பார்சல். வீட்டுச் சர்வரைத் தேடி வருகிறவர் முன்பின் தெரியாத ஆள். ஆகவே வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: '443 என்று கேட்டு வருகிறவரை அந்த லேப்டாப்பிடம் விடு.' இந்த எண்ணைத்தான் போர்ட் என்கிறார்கள். ஓட்டலில் மேசைக்கு எண் இருக்கிற மாதிரி, ஒரே கணினியில் பல சேவைகள் வேறு வேறு எண்ணில் உட்கார்ந்திருக்கும். பாதுகாப்பான வலைப்பக்கத்துக்கு 443, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எஸ்எஸ்எச் சேவைக்கு 22. இப்படிச் சொல்லிவைப்பதன் பெயர் போர்ட் ஃபார்வேர்டிங்.

இதை நான் படித்துவிட்டு உற்சாகமாக உட்கார்ந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின, வெளியிலிருந்து ஒரு தடவைகூட லேப்டாப்பைத் தொட முடியவில்லை. லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன், கேபிளை மாற்றினேன், ரவுட்டரை நான்கு முறை ரீசெட் செய்தேன். பிரச்சினை அங்கெல்லாம் இல்லை. எங்கள் வாட்ச்மேனுக்கு மேல் இன்னொரு வாட்ச்மேன் இருந்தார்.

பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு, கடைசிச் சேமிப்பாக ஒதுக்கிவைத்தது தவிர, அதே ஏப்ரலில் தீர்ந்தது. நம் ஊரில் கோடிக்கணக்கானவர்கள் இணையத்துக்கு வந்ததே அதற்கப்புறம்தான். எனவே இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கின. இதைச் சிஜிநாட் என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒரு குடியிருப்பு வளாகத்துக்கே ஒரு பெரிய கேட், அதில் ஒரு காவலாளி. உங்கள் கட்டடத்து வாட்ச்மேனிடம் என்ன சொல்லிவைத்தாலும், பெரிய கேட்டில் இருப்பவர் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்.

உங்கள் இணைப்பு எப்படி என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் வெளி முகவரி என்னவென்று பாருங்கள். 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் பெரிய கேட் இல்லை. வேறு வேறாக இருந்து, ரவுட்டர் காட்டுவது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டுத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்த வரிசையை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். புதுமுறை முகவரியான ஐபிவி6-ல் இந்தப் பஞ்சம் கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் சொந்த விலாசம் உண்டு. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் உங்களைத் தேடி வருகிறவரின் இணைப்பிலும் அது இருந்தாக வேண்டும். நிலையான தனி ஐபி வேண்டுமென்று இணைய நிறுவனத்திடம் கேட்டால் சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள்.

நான் கேட்கவில்லை. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணானது நல்லதுக்குத்தான் என்று பிறகு புரிந்தது.

கதவே இல்லாத வீடு

'என் வீட்டுக் கணினியை யார் தேடப்போகிறார்கள்?' புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள், நானும் சொன்னேன். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப் என்றொரு கருவியை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியை வைத்து, பழைய முறை முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடிந்தது. அது ஆராய்ச்சிக்காகச் செய்தது. அதே வேலையைத் திருடுவதற்காகச் செய்கிற நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களை அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெருவில் இருக்கிற எல்லாப் பூட்டையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளை வைத்திருந்த பலருக்கு ஒரு காலையில் அதிர்ச்சி. டெட்போல்ட் என்ற கும்பல் உள்ளே புகுந்து, கோப்புகளையெல்லாம் குறியாக்கம் செய்து பூட்டிவிட்டு, சாவி வேண்டுமென்றால் 0.03 பிட்காயின் கொடு என்று எழுதிவைத்திருந்தது. மாட்டியவை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்த பெட்டிகள். என்னைப் போலப் 'போர்ட்டைத் திறந்தால் எங்கிருந்தும் பார்க்கலாமே' என்று நினைத்தவர்கள்தான் அவர்களும்.

ஆகவே நான் புதியவர்களிடம் முதலில் கேட்பது எந்தக் கணினி, எந்த மென்பொருள் என்பதல்ல. யார் யாருக்கு அது தெரிய வேண்டும்? உலகம் முழுக்கப் படிக்க வேண்டிய வலைப்பதிவு என்றால் அதை வீட்டில் வைக்காதீர்கள், மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகைச் சர்வர் கிடைக்கும். மின்னஞ்சல் சர்வரையும் வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பையில் போடும், உங்கள் வேலைக்கான விண்ணப்பமும் அதோடு போகும். உங்கள் வீட்டு ஐந்து பேருக்கு மட்டும் என்றால், வெளியே தெரிகிற கதவே தேவையில்லை.

அது எப்படி? வயர்கார்டு என்று ஒரு கட்டற்ற மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸின் மையப்பகுதியான கருவின் (கெர்னல்) 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. உங்கள் ஃபோனுக்கும் வீட்டு லேப்டாப்புக்கும் இடையில் பூட்டிய ஒரு குழாய் போட்டுக் கொடுக்கும். இரண்டு முனையிலும் ஒரு சாவி. சரியான சாவியோடு வராத எந்தத் தட்டலுக்கும் அது பதிலே சொல்லாது. 'யாரது' என்றுகூடக் கேட்காது. எனவே பூட்டை ஆட்டிக்கொண்டு வருகிற நிரலுக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது. விளம்பரங்களில் 'வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும்' என்று விற்கிற விபிஎன்னும் இதுவும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேலை வேறு. அது நம் போக்குவரத்தை இன்னொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடுவது. இது நம்மை நம் வீட்டுக்கே கொண்டுவருவது.

பெரிய கேட் பிரச்சினைக்கு டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் வழி செய்கின்றன. இரண்டு கருவிகளும் உள்ளேயிருந்து வெளியே கூப்பிடுகின்றன. நடுவில் ஒருவர் அவற்றை அறிமுகப்படுத்திவைக்கிறார். இருவருமே 'ஆர்டர் செய்தவர்கள்' என்பதால் காவலாளிகள் வழிவிடுகிறார்கள். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான், சாவிகள் நம் கருவிகளை விட்டு வெளியே போவதில்லை. எந்தக் கருவி யாரோடு பேசுகிறது என்பது மட்டும் அந்த நடுவருக்குத் தெரியும். அதுவும் பிடிக்காதவர்கள் ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மாற்றை வைத்துத் தாங்களே நடுவராகிக்கொள்கிறார்கள். கிளவுட்ஃபிளேர் டனல் என்று இன்னொன்றையும் பலர் பரிந்துரைப்பார்கள். எளிது, நன்றாக ஓடும். ஆனால் உலாவியிலிருந்து வரும் குறியாக்கம் அவர்கள் இடத்தில் அவிழ்ந்துதான் உங்களிடம் வருகிறது. நடுவில் யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

சின்னதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு இவ்வளவும்கூட வேண்டாம். சிங்க்திங் போதும். 2013-லிருந்து இருக்கிறது. ஃபோனிலும் லேப்டாப்பிலும் நிறுவி, ஒன்றின் அடையாளத்தை மற்றதற்குக் காட்டிவிட்டால், ஃபோனில் எடுக்கிற படம் கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் எந்தச் சேமிப்பகமும் இல்லை. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் கோப்பு வீட்டை விட்டே வெளியே போகாது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலியை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், அதன் கிளையாகப் பிறந்ததை ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இது நகலெடுப்பது இல்லை, இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் வைப்பது. ஃபோனில் இடம் போதவில்லை என்று அழித்தால் லேப்டாப்பிலும் அழியும். அழிந்ததை எடுத்துவைக்க ஓர் அமைப்பு உண்டு, முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

படங்களைத் தேதிவாரியாகப் பார்க்க வேண்டும், நாள்காட்டி, தொடர்புகள் எல்லாம் வேண்டும் என்றால் அடுத்த படி நெக்ஸ்ட்கிளவுட் என்ற சர்வர் மென்பொருள். 2016-ல் ஓன்கிளவுட் என்ற திட்டத்திலிருந்து அதைத் தொடங்கியவரே பிரிந்துவந்து உருவாக்கியது. படங்களுக்கு மட்டும் என்றால் இம்மிச் இன்னும் அழகாக இருக்கிறது.

வீட்டில் வைத்தால் தனியுரிமை வந்துவிடுமா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை நிறுவனங்கள் பார்க்காது, உண்மை. ஆனால் உங்கள் வீட்டுச் சர்வரில் இருக்கும் கோப்புக்கான லிங்க்கை ஒருவருக்கு அனுப்பினால், அவர் அதைத் திறக்கும்போது உங்கள் ஐபி முகவரி அவருக்குக் கிடைக்கிறது. அதை வைத்து எந்த நிறுவன இணைப்பு, பெரும்பாலும் எந்த ஊர் என்பது வரை தெரிந்துவிடும். கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது கூகுளின் முகவரி மட்டும்தான். கோப்பைக் காப்பாற்றி, வீட்டைக் காட்டிக்கொடுத்த கதை.

இன்னொன்று. வீட்டுச் சர்வருக்குச் சொந்த இணையப் பெயர் வாங்கி, இணைப்பைக் குறியாக்கம் செய்வதற்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் போடுகிறோம். நல்ல காரியம். ஆனால் அப்படி வழங்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறும். 'பத்திரம்', 'பேங்க்' என்றெல்லாம் துணைப்பெயர் வைத்தால் ஊருக்கே பலகை மாட்டிய மாதிரி.

கோப்பே பேசிவிடுவதும் உண்டு. ஃபோன் எடுக்கும் படத்துக்குள் தேதி, நேரம், ஃபோன் மாடல், இடத்தைப் பதிய அனுமதித்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை வரை எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துபோகும், கூடவே இந்த விவரங்களும் உதிர்ந்துவிடும். வீட்டுச் சர்வரிலிருந்து போவது அசல் கோப்பு, அத்தனையும் அப்படியே இருக்கும். குழந்தையின் படத்தை வெளியாருக்குப் பகிரும் முன் இதை அழிக்க வேண்டும். அதற்கு எக்சிஃப்டூல் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அனுப்புகிறவர் யார் என்பதையே மறைக்க வேண்டிய தேவை எல்லோருக்கும் வராது. வருகிறவர்களுக்கு ஆனியன்ஷேர் இருக்கிறது. 2013 ஆகஸ்டில், ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்த அமெரிக்க உளவு ஆவணங்களை வெளியிட்ட பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டின் துணைவர் டேவிட் மிராண்டா, கோப்புகளை எடுத்துக்கொண்டு பயணம் செய்தபோது லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் தடுத்துவைக்கப்பட்டார். கோப்பை ஆள் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கக் கூடாது என்று மைக்கா லீ என்ற நிரலாளர் 2014-ல் எழுதிய நிரல் இது. யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்பதை மறைக்கும் டோர் என்ற வலையமைப்புக்குள் உங்கள் கணினியே சில நிமிடங்களுக்கு ஒரு சர்வராகிறது. 56 எழுத்துகள் கொண்ட ஒரு முகவரி உருவாகும். வாங்குகிறவர் டோர் உலாவியில் அதைத் திறந்து எடுத்துக்கொள்வார். அவருடைய ஐபி உங்களுக்கும் உங்களுடையது அவருக்கும் தெரியாது. ஒருமுறை எடுத்ததும் கடை மூடிவிடும். டோர் உள்ளேயிருந்து கூப்பிடும் முறையில் இயங்குவதால் பெரிய கேட்டும் தடையில்லை. வேகம் மட்டும் மாட்டுவண்டி. நடுவில் பல கணினிகளைத் தாண்டி வர வேண்டுமே.

இவ்வளவும் படித்துவிட்டு அண்ணன் மகளின் காதுகுத்துப் படங்களைச் சித்திக்கு அனுப்பப் போனேன். மொத்தம் 40 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரம் ஆகும். "சித்தி, உங்க ஃபோன்ல ஒரு ஆப் போடணும்" என்றேன். "எனக்கு ஒண்ணும் போட வேணாம் தம்பி, நீ வர்றப்ப பென்டிரைவ்ல கொண்டா" என்றார். பென்டிரைவில்தான் கொண்டுபோனேன். தனியுரிமைக் கணக்கில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

மின்சாரமும் நகல்களும்

கணினி எதுவானாலும் சரி. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி சுமார் 5 வாட்டில் ஓடும். மின்வாரியம் எடுக்கும் இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 7 யூனிட். என் லேப்டாப் 12 வாட், 17 யூனிட். பழைய டெஸ்க்டாப்பை 80 வாட்டில் ஓடவிட்டால் 115 யூனிட் ஆகும். ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற வீடு என்றால் கட்டண விகிதமே மாறிவிடும், யோசித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் சர்வர் ராஸ்பெரி பைதான். எட்டு மாதம் ஓடியது. ஒரு மே மாத இரவில் மூன்று முறை கரண்ட் போய் வந்ததில் அதன் மெமரி கார்டு போயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டுகள் தாங்காது. லேப்டாப்புக்கு மாறியதன் காரணம் அதுதான், பேட்டரி என்ற பெயரில் உள்ளேயே ஒரு யுபிஎஸ் இருக்கிறது. எந்நேரமும் சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும், அதனால் 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவைத்தால் நல்லது. லேப்டாப்பைத் திருடன் தூக்கிப்போனால் என்ன ஆகும் என்பதற்காக டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்திருக்கிறேன். இதன் தொந்தரவு, அணைந்து எழும் ஒவ்வொரு தடவையும் யாராவது பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். வெளியூரில் இருக்கும்போது அப்படி ஆனால் அம்மாவை ஃபோனில் கூப்பிடுகிறேன்.

நகல் விஷயத்தில் பழைய 3-2-1 கணக்கே போதும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு இடத்தில். எங்களுக்கு லேப்டாப்பில் ஒன்று, பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கோவையில் அக்கா வீட்டு டிஸ்கில் குறியாக்கம் செய்தது ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு வருடப் படங்களை அந்த டிஸ்கிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். முதல் தடவை எடுத்தபோது பாதிக் கோப்புறைகள் காலி. ஓர் எழுத்துப்பிழையால் நாலு மாதமாக நகல் எதுவும் ஏறாமலே இருந்திருக்கிறது.

வீட்டில் சர்வர் வைத்ததும் நானே ஒரு நிறுவனமாகிவிட்டேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. வீட்டார் எல்லோருடைய படங்களும் என் கையில். அக்கா வைத்திருக்கும் மருத்துவ அறிக்கையை நான் நினைத்தால் திறக்கலாம். அவளிடம் அதைச் சொன்னேன், அந்தக் கோப்புறையை அவளே தனிப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக்கொண்டாள். எனக்கு ஏதாவது ஆனால் மற்றவர்கள் தவிக்கக் கூடாது என்று பீரோவில் பத்திரத்தோடு ஒரு தாளும் வைத்திருக்கிறேன். டிஸ்கைத் திறக்கும் பாஸ்வேர்டு, கோவை டிஸ்கின் சாவி, எந்த வயரை முதலில் பிடுங்குவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து புரியவில்லை, மறுபடி எழுது என்றார்.